ஒற்றை எஞ்சின் விமானம் கல்லுப்போல விழுமா?

"எஞ்சின் நின்றால் ஒற்றை எஞ்சின் விமானம் கல்லுப்போல விழும்" என்று யாழ்ப்பாண வட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. சுத்தப் பிழை. விமானத்தைத் தாங்குவது இறக்கை. சிரஸ் நிறுவனத்தின் எஸ்ஆர்22 என்ற ஒற்றை எஞ்சின் விமானம், எஞ்சின் நின்றபின்னும் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஏறத்தாழ 9 மீட்டர் முன்னேறும். சுன்னாகத்துக்கு மேலே 1,000 மீட்டரில் நின்றாலும், எதிர்க்காற்று இல்லையென்றால் பலாலி ஓடுபாதையை எட்டிவிடலாம்.

சிரஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அலன் கிளாப்மையர், 1985இல் நடுவானில் இன்னொரு விமானத்துடன் மோதித் தப்பியவர். அவரும் தம்பி டேலும் உருவாக்கிய எஸ்ஆர்20, 1998இல் அமெரிக்கச் சான்றிதழ் பெற்றது. அதில் முழு விமானத்துக்குமே பரசூட்! கூரையிலுள்ள சிவப்புப் பிடியை இழுத்தால் ரொக்கெட் ஒன்று அதை வெளியே இழுத்து விரிக்கும். மிகத் தாழ்வாகப் பறந்தால் மட்டும் விரிய நேரம் போதாது. தரையிறக்கமும் பஞ்சு மெத்தையல்ல.