அழகரைப் பார்க்க வராத அப்பா

கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவர் அப்பா. பேரேட்டில் அவர் எழுத்து கடுகாகச் சுருங்கத் தொடங்கிய பிறகுதான் ஏதோ நோய் என்று எங்களுக்கு உறைத்தது. வரியின் தொடக்கத்தில் 'புளி 4 மூட்டை' பளிச்சென்று இருக்கும். கடைசியில் தொகையைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். அப்புறம் வலக்கை நடுக்கம், டாக்டர், பார்கின்சன் என்ற நடுக்குவாத நோயின் பெயர், மாத்திரை.

ஆனால் நோய் அங்கே தொடங்கவில்லை என்றே இப்போது நினைக்கிறேன். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, அழகர் ஆற்றில் இறங்கும் நாளில், "நீங்கள் போய்வாருங்கள்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நடுச்சாமத்திலேயே எங்களை எழுப்பி வைகைக்கு இழுத்துப் போகிற மனிதர்! கூடவே மலச்சிக்கல், தூக்கமின்மை, எதிலும் ஒரு சலிப்பு. சோம்பல் என்று முகத்துக்கு நேரே சொன்னவன் நான்.

பார்கின்சன் என்றால் உடலசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற மூளை வேதிப்பொருளின் குறைவு என்கிறோம். சரிதான். ஆனால் மூளைத்தண்டில் ராஃபே என்ற பகுதியில், மனநிலைக்கும் தூக்கத்துக்கும் வேண்டிய செரடோனின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களையும் இந்த நோய் விடுவதில்லை. ஜெர்மனியின் ஹெய்கோ பிராக் குழு 2003இல் வகுத்த படிநிலைகளில், நோயின் புரதப் படிவு டோபமின் செல்களை எட்டும் முன்பே ராஃபேயைத் தொட்டுவிடுகிறது. 2019இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள், பார்கின்சனைக் கொண்டுவரும் அரிய மரபணு மாற்றம் உள்ள 14 பேருக்கு மூளை ஸ்கேன் எடுத்தார்கள். அதில் 7 பேருக்கு அப்போது நடுக்கமோ விறைப்போ இல்லை; டோபமின் கெடவில்லை, செரடோனின் குறைந்திருந்தது. அப்பாவுக்கும் அப்படித்தான் நடந்தது என்று நான் சாதிக்கமாட்டேன்.

இன்னொரு கூத்தும் உண்டு. டோபமின் செல்கள் அழிந்தபின், பார்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரையை டோபமினாக மாற்றும் வேலையைச் செரடோனின் செல்களும் செய்கின்றன. முதலாளி இல்லாத கடையைப் பக்கத்துக் கடைக்காரர் பார்த்துக்கொள்வதுபோல: சரக்கை எடுத்துக் கொடுப்பார், எங்கே நிறுத்துவது என்று தெரியாது. ஆண்டுக்கணக்கில் மாத்திரை போட்டவர்களுக்கு உடல் தானாக நெளிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாங்கள் போன மருத்துவமனையில் விரலைத் தட்டச் சொன்னார்கள், நடக்கச் சொன்னார்கள். மனம் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நாங்களும் வாய் திறக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். போன ஆண்டுதான் சொன்னேன். மனச்சோர்வுக்கென்று தனி மாத்திரை எழுதினார் டாக்டர், பழைய சீட்டுகளை எல்லாம் வாங்கிப் பார்த்த பிறகு. செலிஜிலின், ரசாஜிலின் என்ற பார்கின்சன் மாத்திரைகளைப் போடுகிறவர்களுக்குச் சில மனச்சோர்வு மருந்துகள் சேர்ந்தால் செரடோனின் எல்லை மீறி ஆபத்தாகலாம். மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

இந்தச் சித்திரையிலும் அப்பா ஆற்றுக்கு வரவில்லை. தொலைக்காட்சி முன்னால் நாற்காலியை இழுத்துப் போடச் சொன்னார். "அழகருக்கு என்ன பட்டு?" என்று கேட்டார். பச்சை என்றேன். சத்தத்தைக் கூட்டச் சொன்னார்.