"சேர்த்து வைப்பேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்

சட்ட உதவிப் பணிக்குள் உளவியல் ஆதரவு தரும் வேலைகளுக்கு ஆள் எடுக்கும்போதெல்லாம், சமூகப் பணியும் உளவியலும் படித்த தம்பி தங்கைகள் என்னை அழைத்துக் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, எந்தெந்தச் சட்டம் படிக்க வேண்டும்?" என்பதுதான். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், குழந்தைகள் பாதுகாப்பு அலகு, தொண்டு நிறுவனம் என்று இடம் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. படிக்க வேண்டியதைச் சொல்கிறேன். அதற்கு முன்பு, மாதிரி நேர்காணல்களில் திரும்பத் திரும்ப என் காதில் விழும் ஒரு பதிலைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

"கணவன் அடிக்கிறான் என்று ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கிறேன். "இருவரையும் கூப்பிட்டுப் பேசி, பிள்ளைகளின் எதிர்காலத்தை எடுத்துச் சொல்லிச் சேர்த்து வைப்பேன்" என்று தயங்காமல் சொல்கிறார்கள்.

எனக்குக் கோபம் வருகிறது. இதைக் கேட்டுத் தலையாட்டும் நேர்காணல் குழுவினர் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. அந்தப் பெண்ணுக்கு மாமியார் வீடும் பிறந்த வீடும் ஊர்ப் பெரியவர்களும் இதே புத்திமதியைச் சொல்லி முடித்தாயிற்று. சொன்னபடி பொறுத்தும் பார்த்துவிட்டாள். அதன் பிறகுதான் பஸ் ஏறி வந்திருக்கிறாள். அவளுக்கு அரசுச் சம்பளத்தில் இன்னொரு பெரிய மனிதர் தேவையில்லை.

சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2006இல் வந்த விதிகளைப் படித்துப் பாருங்கள். ஆலோசனையின்போது எதிர்மனுதாரர் தான் செய்த வன்முறைக்கு நியாயம் கற்பிக்க இடம் தரக்கூடாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. சமரசம் வேண்டுமா என்பது அந்தப் பெண்ணின் விருப்பம். சேர்ந்து வாழப் போகிறேன் என்று அவளே முடிவு செய்தால் அதற்கும் உடன் நிற்க வேண்டும். ஜீவனாம்சம் கேட்கிறேன் என்றால் அதற்கும் உடன் நிற்க வேண்டும். முடிவெடுக்கும் அளவுக்கு அவள் நிதானத்துக்கு வர உதவுவதும், எடுத்த முடிவைச் சட்டம் நகரும் வேகத்தில் அவள் தாங்கிக்கொள்ளத் துணையிருப்பதும் உங்கள் வேலை. நேர்காணலில் நீங்கள் காட்ட வேண்டியது இந்தப் புரிதலைத்தான்.

இனி சட்டங்கள். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் 12ஆவது பிரிவைக் கட்டாயம் படியுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானத்தைப் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. படித்த பெண்களே "நாங்கள் வறுமைக்கோட்டுக்குக் கீழே இல்லையே" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். பிறகு, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டமும் அதன் 2020ஆம் ஆண்டு விதிகளும், 2006ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். 2024 ஜூலை முதல் குற்றவியல் சட்டங்கள் புதிய பெயர்களில் நடைமுறைக்கு வந்துவிட்டதால் பழைய பிரிவு எண்களை ஒப்பித்துவிடாதீர்கள். சட்ட உதவிக்கு 15100, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, மனநலத்துக்கு 14416 என்று உதவி எண்களில் எது எதற்கு என்பது தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். இவ்வளவையும் ஒரு வாரத்தில் படித்துவிடலாம்.

ஒரு வாரத்தில் படிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இந்த வேலைக்கு வருபவர் கட்டாயம் சந்திக்கப் போகும் சூழல் இது. பதினேழு வயதுப் பெண். திருமணமாகிவிட்டது. கர்ப்பப் பரிசோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த இடத்தில் வயது தெரிந்து தகவல் போயிருக்கிறது. அவள் உங்கள் எதிரில் உட்கார்ந்து, "எனக்கு அவரோடுதான் வாழ வேண்டும், கேஸ் வேண்டாம்" என்கிறாள். அம்மா காலில் விழாத குறையாகக் கெஞ்சுகிறார். என்ன செய்வீர்கள்?

இதற்கு முழுமையான நல்ல பதில் கிடையாது. அதனால்தான் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்கிறேன். போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவு, தெரிந்தவர் தகவல் தந்தே ஆக வேண்டும் என்கிறது. மறைத்தால் 21ஆவது பிரிவின்படி தண்டனை. திருமணம் ஆகிவிட்டது என்பது காப்பாற்றாது; பதினெட்டு வயதுக்குட்பட்ட மனைவியோடு உறவு கொள்வதும் குற்றமே என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. "உன் வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதே" என்று வாய் தவறியும் சொல்லக்கூடாது. "நீ சொல்வது நமக்குள் இருக்கும்" என்றும் சொல்லக்கூடாது. எதை ரகசியமாக வைத்திருக்க முடியும், எதை வைத்திருக்க முடியாது என்பதை அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு அவள் உங்கள் மேல் கோபப்படுவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்தக் கோபத்துக்கு இடம் கொடுத்து அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவள் குற்றவாளி இல்லை என்பதை அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். மருத்துவக் கவனிப்பு நிற்காது என்பதைச் சொல்ல வேண்டும். குழந்தைகள் நலக்குழு என்றால் என்ன, அங்கே என்ன கேட்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். பதினெட்டு முடிந்து இரண்டு ஆண்டுகள் வரை இந்தத் திருமணத்தைச் செல்லாததாக்கக் கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு. அதை அன்றைக்கே அவள் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. ஆறு மாதம் கழித்து அவளே கேட்கலாம். அப்போது நீங்கள் அந்த ஊரிலேயே, எடுக்கக்கூடிய தொலைபேசி எண்ணோடு இருக்க வேண்டும்.

"குழந்தைத் திருமணத்தின் தீமைகளைப் பற்றி விழிப்புணர்வு ஏற்படுத்துவேன்" என்று இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். அது நல்ல வேலைதான், ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவள் ஏற்கெனவே தாலியோடு வந்திருக்கிறாள்.

அடுத்தது, நீதிமன்றம். நேர்காணலுக்கு முன்னால் ஒரு நாள் காலை பத்து மணிக்கு மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்து பாருங்கள். டவாலி பெயரைக் கூப்பிடும்போது ஒரு பெண் எப்படித் துணுக்குற்று எழுகிறாள் என்று பாருங்கள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலில் ஒரு நொடி நிற்பாள். அரை நிமிடத்தில் வாய்தா போட்டுத் தேதி சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஒரு வாரமாகத் தூக்கமில்லாமல் மனத்தைத் தேற்றிக்கொண்டு வந்தவள் அவள். அன்று மாலை அவளுக்குப் போன் செய்யப் போவது யார்? வழக்கறிஞருக்கு அடுத்த வழக்குக் கட்டு காத்திருக்கிறது. நீங்கள்தான் செய்ய வேண்டும். "வாய்தாவுக்குப் பிறகு என்ன செய்வீர்கள்?" என்று எந்தக் குழுவும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

சாட்சியைத் தயார்படுத்துவது என்ற இடத்தில் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். ஒரு சிறுமிக்கு, யாரும் இல்லாத நேரத்தில் நீதிமன்ற அறையைக் காட்டலாம். நீதிபதி இங்கே உட்காருவார், நீ இங்கே இருப்பாய், அந்த ஆள் உன் கண்ணில் படாமல் ஏற்பாடு செய்வார்கள், கேள்விகளை நீதிபதிதான் கேட்பார், தண்ணீர் வேண்டுமென்றால் கேட்கலாம், புரியவில்லை என்றால் "புரியவில்லை" என்று சொல்லலாம் என்றெல்லாம் விளக்கலாம். போக்சோ சட்டத்தின் 33, 36ஆவது பிரிவுகள் தரும் பாதுகாப்புகள்தான் இவை. என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. நடந்ததை உங்களுக்காக இன்னொரு முறை சொல்லச் சொல்லவும் கூடாது. "யார் சொல்லிக்கொடுத்தது?" என்ற எதிர்த்தரப்பின் கேள்வி நீதிபதி வழியாக வரும்போது அந்தக் குழந்தை நிமிர்ந்து "யாரும் இல்லை" என்று சொல்ல முடிய வேண்டும்.

உங்கள் குறிப்பேட்டையும் நினைவில் வையுங்கள். கட்சிக்காரர் சொன்னதை வெளியிடாமல் இருக்க வழக்கறிஞருக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு ஆலோசகருக்கு அப்படியே கிடையாது. நீதிமன்றம் அழைத்தால் பதில் சொல்ல வேண்டி வரும். எனவே அவள் சொன்னதை அவள் வார்த்தையில், நீங்கள் பார்த்ததைப் பார்த்தபடி, தேதியோடு எழுதுங்கள். ஊகங்களை எழுதாதீர்கள். "சாகத் தோன்றுகிறது" என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றாமல் நேராகவே கேட்கத் தெரியுமா என்பதையும் குழு சோதிக்கலாம், சோதிக்க வேண்டும்.

தருமபுரி மாவட்டத்தில் இந்த வேலைக்கு வருபவருக்கு வாச்சாத்தி தெரியாமல் இருக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. 1992 ஜூன் 20 அன்று அரூர் பக்கத்து மலையடிவாரக் கிராமத்தில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நடத்திய கொடுமைக்கு, 2011 செப்டம்பர் 29இல்தான் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பதினெட்டுப் பெண்களின் அந்த வழக்கு முப்பத்தொரு ஆண்டுகள் நீண்டது. மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சித் தோழர்களும் வழக்கறிஞர்களும் அவர்களைக் கைவிடாமல் இருந்தார்கள். இன்று பணி விளம்பரத்தில் "உளவியல் ஆதரவு" என்று வரும் வேலையின் பெரும்பகுதியை அவர்கள் அப்போதே செய்தார்கள். வழக்கு நீண்டுபோனால் ஒரு மனிதர் எப்படித் தாங்குகிறார் என்று குழு கேட்டால், வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தைத் தேட வேண்டாம், அரூருக்குப் போய்வாருங்கள்.

ஊரையும் தெரிந்துகொள்ளுங்கள். தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டிப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழி. கிருஷ்ணகிரி நகரில் உருது பேசும் குடும்பங்கள் நிறைய. ஓசூர் தொழிற்சாலைகளுக்கு வந்தவர்களில் இந்தியும் ஒடியாவும் பேசுபவர்கள் இருக்கிறார்கள். மொழி தெரியாதபோது உடன் வந்த நாத்தனாரை மொழிபெயர்க்கச் சொல்வீர்களா? சொல்லக்கூடாது. சித்தேரி மலையிலிருந்து வருபவர் அரூர் இறங்கித் தருமபுரி வந்து சேர எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், திரும்பக் கடைசி பஸ் எப்போது என்பது தெரியாமல், "ஏன் தாமதம்?" என்று கேட்கும் ஆலோசகராக நீங்கள் இருந்துவிடக்கூடாது.

கடைசியாகக் குழுவினர், "நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். சம்பளத்தைக் கேளுங்கள், அதில் வெட்கம் வேண்டாம். தொகுப்பூதியத்தில்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். கூடவே மூன்று விஷயங்களைக் கேளுங்கள். கதவைச் சாத்திப் பேசத் தனி அறை உண்டா? வழக்குக்கு உடன் போகும்போது போக்குவரத்துச் செலவை யார் தருவார்கள்? கேட்டதெல்லாம் மனத்தில் தேங்கிக் கிடக்கும்போது மூத்த ஆலோசகர் ஒருவரோடு பேச ஏற்பாடு இருக்கிறதா? குழுவில் உட்காரும் அதிகாரிகளும் நிறுவனத்தாரும் இதைப் படித்தால், இந்த மூன்றுக்கும் பதில் வைத்துக்கொண்டு ஆள் எடுங்கள். நான்கு மேசைகள் போட்ட பொது அறையில், கோப்பு தேடுபவர்கள் நடமாடும் இடத்தில், எந்தப் பெண்ணும் தனக்கு நடந்ததைச் சொல்ல மாட்டாள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நேர்காணலுக்குப் போகிறவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மாதிரி நேர்காணல் நடத்தத் தயாராக இருக்கிறேன். முதல் கேள்வி அந்தப் பதினேழு வயதுப் பெண்ணைப் பற்றியதாகத்தான் இருக்கும், யோசித்துக்கொண்டு வாருங்கள்.