கதையை அனுப்பினால் உரிமை போய்விடுமா?

அண்ணே, ஞாயிறு பதிப்புக்குக் கதையை அனுப்பிவிட்டாலே அது பத்திரிகைக்குச் சொந்தம், அப்புறம் நம் தொகுப்பில்கூடப் போட முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். நம் சுங்கை சிப்புட் பக்கமும் இந்தப் பேச்சு உண்டு. ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம், 26ஆம் பிரிவுப்படி உரிமை முதலில் எழுதியவருக்கே. சம்பளத்துக்கு எழுதியதும், கேட்டு எழுதி வாங்கியதும் வேறு கணக்கு. நாமாக அனுப்பும் கதைக்கு 27ஆம் பிரிவைப் பாருங்கள்: எழுத்து மூலம் மாற்றித் தராமல் உரிமை கைமாறாது. அச்சானாலும் சரி, சன்மானம் வந்தாலும் சரி. என் பேச்சை நம்ப வேண்டாம். அந்தச் சட்டத்தின் மலாய்ப் பெயரான ‘அக்தா ஹக் சிப்தா 1987’ என்று தேடி அந்த இரண்டு பிரிவையும் படியுங்கள். கூடவே, பத்திரிகைக்கு ஏதாவது கையெழுத்திட்டுத் தந்தீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.