கொக்குக்காக நாலு மாசம் பொறுக்க முடியாதா?

பெங்களூரு அல்சூர் பக்கம் எங்கள் பூங்காவில் தூங்குமூஞ்சி மரங்கள் முழுக்க மடையானும் வக்காவும் (இரண்டும் கொக்கு வகைதான்) கூடு கட்டியிருக்கின்றன. கிளைகளை உடனே வெட்டச் சொல்லி வாட்ஸ்அப் குழுவில் ஒரு மனு சுற்றுகிறது. நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன், எதற்கு என்று ஒவ்வொருவருக்காகப் பதில் சொல்லி மாளவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நாற்றம் உண்மைதான், அதில் சண்டையே இல்லை. மழை விட்டு வெயில் வந்தால் கவிச்சி மூக்கைத் துளைக்கிறது. எச்சம் காரில் காய்ந்தால் பெயின்ட் போய்விடும். குஞ்சுகள் மிரண்டால் தின்றதைக் கக்கும், அது நேராக நடைபாதையில்தான் விழும். நேற்று பெஞ்சுக்குப் பக்கத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு ஜிலேபி மீன் கிடந்தது, செதில்கூடக் கலையாமல். வாக்கிங் வரும் அத்தைமார்கள் முகம் சுளிப்பதில் தப்பில்லை.

ஆனால் எத்தனை நாளைக்கு? அடைகாக்க மூன்று வாரம் போல ஆகும், குஞ்சு பறக்க அதற்கு மேல் ஒன்றரை மாதம். எல்லா ஜோடியும் ஒரே நாளில் தொடங்காது என்பதால் மொத்தமாக நாலு மாசம் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மரம் காலி.

"வெட்டினால் வேறெங்காவது போய்க் கட்டிக்கொள்ளும்" என்கிறார்கள். பெரியது போகும், சரி. முட்டை எங்கே போகும்? 2022 செப்டம்பரில் மலப்புறத்தில் நெடுஞ்சாலைக்காக மரத்தைச் சாய்த்தபோது குஞ்சுகள் கொத்தாக விழுந்து செத்த வீடியோவை இதே குழுவில்தானே பகிர்ந்து அழுதீர்கள்? அது கேரளம் என்பதால் பாவம், இது நம் பார்க்கிங் என்பதால் தொல்லையா? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கூட்டைக் கலைப்பதையும் முட்டையைச் சிதைப்பதையும் வேட்டைக் கணக்கில்தான் சேர்க்கிறது. மரம் வெட்டுவதற்கும் இங்கே மர அதிகாரியின் அனுமதி வேண்டும். மனு எழுதியவர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர், அவருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த "வேறெங்காவது" எது என்றும் சொல்லுங்களேன். மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருக்கும் இடம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி, கண்டீரவா ஸ்டேடியம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி. இந்த ஊரில் பறந்துபோய் மீன் பிடிக்கிற தூரத்தில் ஒரு ஏரியும், கூடு தாங்குகிற பழைய மரமும் சேர்ந்து கிடைப்பது லேசில்லை.

நம் ஊர்ப்பக்கம் வேடந்தாங்கல்காரர்கள் பறவைகளைச் சுடக் கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே கலெக்டர் வரை போனவர்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். நமக்கு வயல் இல்லை, கார் இருக்கிறது. சரி, காருக்கு ஒரு கவர் வாங்கலாமே.

நான் கேட்பது இவ்வளவுதான். மரத்தடி பெஞ்சுகளை எதிர்ப்பக்கம் மாற்றட்டும், அந்த நடைபாதையைக் கயிறு கட்டி மூடட்டும், காலையில் ஒரு தடவை கழுவிவிடட்டும். கிளை கழித்தே ஆகவேண்டும் என்றால் மார்கழியில், கூடெல்லாம் காலியான பிறகு கழிக்கட்டும். அப்படி ஒரு மனு எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

பெரிய லென்ஸோடு வரும் தம்பிகளுக்கும் ஒன்று: பறக்கிற படம் வேண்டும் என்று கை தட்டிக் கிளப்பாதீர்கள். கொக்கு எழுந்த மறு நிமிடம் காக்கை வந்து முட்டையைத் தூக்கிவிடுகிறது, மேலே பருந்து வேறு வட்டமடித்துக்கொண்டிருக்கிறது.