உள்ளாட்சித் தேர்தல் செய்தியைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள்

மக்களவைக்கோ சட்டமன்றத்துக்கோ தேர்தல் வந்தால் தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்குத் தொலைக்காட்சிக்காரர்கள் தவறாமல் வந்துவிடுகிறார்கள். வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைகளின் முதுகில் ஏறிப் போவதைப் படம் பிடிக்கிறார்கள். தமிழ்நாடு முழுவதும் அந்தக் காட்சி ஓடுகிறது. அந்த மலையில் ஓட்டுக் கேட்டு யார் ஏறி வந்தார்கள், சாலையைப் பற்றி என்ன வாக்குக் கொடுத்தார்கள், போன முறை வாக்குக் கொடுத்தவர் என்ன செய்தார் என்று கேட்கும் செய்தியை நான் பார்த்ததில்லை. இந்த மாவட்டத்தில் பிறந்து, இங்கேயே ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஒவ்வொரு தேர்தலிலும் அந்தக் காட்சியைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆனால் இந்தப் பதிவு பெரிய தேர்தல்களைப் பற்றியது அல்ல. அவற்றில் எந்தக் கட்சியின் குரலும் ஏதாவது ஒரு சேனலில் கேட்டுவிடுகிறது. 2006-இல் மக்கள் தொலைக்காட்சி வந்தது, 2007-இல் கலைஞர் தொலைக்காட்சி வந்தது; எது யாருடையது என்று நம் மக்களுக்குத் தெரியும். அதற்கேற்ற கழிவைப் போட்டுக்கொண்டுதான் செய்தியைக் கேட்கிறார்கள். உள்ளாட்சித் தேர்தலில் அப்படிக் கழித்துப் பார்க்க வழியே இல்லை. என் கவலை அங்கேதான்.

2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலை நினைத்துப் பாருங்கள். தருமபுரி மாவட்டத்தில் 251 ஊராட்சிகள், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 333 ஊராட்சிகள். வேட்புமனுவை வாபஸ் பெறக் கடைசி நாள் டிசம்பர் 19. அதன் பிறகுதான் களத்தில் யார் இருக்கிறார்கள், யாருக்கு என்ன சின்னம் என்பது முடிவாயிற்று. முதல் கட்ட வாக்குப்பதிவு 27-ஆம் தேதி. நடுவில் ஒரு வாரம்தான். ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா என்று தேர்தல் ஆணையம் ஒதுக்கும் சின்னத்தில்தான் நிற்க வேண்டும். அந்த ஒரு வாரத்துக்குள் தன் முகத்தையும் சின்னத்தையும் குக்கிராமங்கள் வரை கொண்டு சேர்க்க வேண்டும். மாநிலச் சேனல்களுக்கு இத்தனை ஊராட்சிகளைத் தொட நேரமும் இல்லை, ஆளும் இல்லை. மிஞ்சுவது ஊர்க் கேபிளில் வரும் உள்ளூர் சேனல் ஒன்றுதான்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் நிலைமை இன்னும் சிக்கலானது. அங்கே பல வீடுகளில் கன்னடம் பேசுகிறார்கள், பல வீடுகளில் தெலுங்கு பேசுகிறார்கள். பெங்களூருச் சேனல்களைப் பார்க்கிறார்கள். அந்தச் சேனல்களுக்குக் கெலமங்கலம் ஒன்றியத்தில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பற்றி எந்த அக்கறையும் இருக்க முடியாது. ஆகவே அங்கும் உள்ளூர்க் கேபிள் சொல்வதுதான் செய்தி.

உள்ளூர் சேனல்கள் மீது எனக்குப் பகை கிடையாது. எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வராவிட்டாலும், பாலக்கோட்டில் தக்காளி விலை சரிந்து விவசாயிகள் சாலையோரம் கொட்டிவிட்டுப் போனாலும் முதலில் வந்து நிற்பது அந்தப் பிள்ளைகள்தான். குறைந்த சம்பளத்தில், சொந்த வண்டியில், சொந்தப் பெட்ரோலில் ஓடுகிறார்கள். சேனலின் வருமானம் துணிக்கடை, நகைக்கடை விளம்பரங்களிலும் பிறந்தநாள் வாழ்த்துகளிலும்தான். தேர்தல் அவர்களுக்கு அறுவடைக் காலம். தவறு அங்கேதான் நுழைகிறது.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி 2019-இல் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்றாள். ஒரு சேனலில் இருந்து பேசியவர் சொன்னதை என்னிடம் வந்து சொன்னாள்: "டீச்சர், பேக்கேஜ் எடுத்தால் விளம்பரமும் வருமாம், பிரசாரச் செய்தியும் பேட்டியும் சேர்ந்து வருமாம். விளம்பரம் இல்லாமல் செய்தி மட்டும் போட இடமில்லையாம்." ஊராட்சித் தலைவர் வேட்பாளருக்கு அந்தத் தேர்தலில் விதிக்கப்பட்ட செலவு வரம்பு 34,000 ரூபாய். துண்டறிக்கை, ஆட்டோ, ஒலிபெருக்கி, கூட வருபவர்களுக்குச் சாப்பாடு என்று நேர்மையாகக் கணக்கு எழுதினாலே அந்தத் தொகை தீர்ந்துவிடும். பிறகு பேக்கேஜ் எடுப்பவர் அந்தப் பணத்தை எந்தக் கணக்கில் எழுதுகிறார்? எங்கும் எழுதுவதில்லை. திரையில் அது செய்தியாக வருகிறது. பார்ப்பவர் அதைச் செய்தி என்று நம்புகிறார். இந்த ஏமாற்று எனக்குப் பொறுக்கவில்லை. பணம் இல்லாதவர் போட்டியிலேயே இல்லை என்ற தோற்றத்தை இது ஊருக்குள் உண்டாக்கிவிடுகிறது.

"தேர்தல் ஆணையம் கண்காணிக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். எதைக் கண்காணிக்கிறது என்று பார்க்க வேண்டும். தொலைக்காட்சியிலும் கேபிளிலும் வரும் அரசியல் விளம்பரங்களுக்கு முன்கூட்டியே சான்று பெற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் உத்தரவிட்டது. மாவட்டந்தோறும் ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு என்று ஒன்று அமைக்கப்படுவது அதன் வழியில்தான். விளம்பரத்துக்குச் சான்று தருவதும், காசு வாங்கிக்கொண்டு போட்ட செய்தி என்று சந்தேகம் வந்தால் வேட்பாளரின் செலவில் சேர்ப்பதும் அதன் வேலை. அந்த வேலைக்குப் பல் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி தொகுதியில் வென்ற உம்லேஷ் யாதவ், நாளிதழ்களில் காசு கொடுத்து வரவழைத்த செய்தியின் செலவைக் கணக்கில் காட்டவில்லை என்று 2011-இல் தேர்தல் ஆணையத்தால் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். ஆனால் அது இந்தியத் தேர்தல் ஆணையத்தின் ஏற்பாடு. மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களுக்கானது. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது அரசியலமைப்பின் 243கே பிரிவின்படி அமைந்த மாநிலத் தேர்தல் ஆணையம். வாக்குப்பதிவுக்கு முந்தைய 48 மணி நேரத்தில் தொலைக்காட்சியில் பிரசாரம் கூடாது என்கிற 126-ஆவது பிரிவும் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில்தான் இருக்கிறது. ஊராட்சித் தேர்தல் நடப்பது 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ்.

இன்னொன்று. விளம்பரத்தைச் சரிபார்ப்பது வேறு, செய்தி நேர்மையாக இருக்கிறதா என்று பார்ப்பது வேறு. ஒரு பைசா கைமாறாமலே ஒருதலைப்பட்சமாகச் செய்தி போட முடியும். உறவு, சாதி, கேபிள் உரிமம் பற்றிய பயம், ஆளுங்கட்சிக்காரரின் கடை விளம்பரம் நின்றுபோகும் என்கிற கணக்கு எல்லாம் செய்தியைச் சாய்க்கும். இதை எந்தக் குழுவும் பார்ப்பதில்லை.

எனவே பார்வையாளர்களாகிய நாமேதான் அளக்க வேண்டும். 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, நூலகத்தில் சந்திக்கும் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து ஓர் உள்ளூர் சேனலின் இரவுச் செய்தியைக் கணக்கெடுத்தோம். தாளில் கட்டம் போட்டுக்கொண்டோம். எந்த வேட்பாளர், எத்தனையாவது செய்தி, எத்தனை விநாடி, அவர் குரலிலேயே பேசினாரா அல்லது வாசிப்பவர் அவரைப் பற்றிப் பேசினாரா, குற்றச்சாட்டு வந்தால் எதிர்த்தரப்பிடம் பதில் கேட்டார்களா என்று எழுதினோம். முதல் இரவு பார்த்தபோது எங்களில் யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை. எல்லாரையும் காட்டுகிறார்களே என்றுதான் தோன்றியது. விநாடிகளைக் கூட்டிப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. சிலர் ஒவ்வோர் இரவும் சொந்தக் குரலில் பேசினார்கள். சிலர் கும்பிட்டபடி நடந்து போகும் காட்சியாக மட்டும் வந்தார்கள். பின்னால் வாசிப்பவரின் குரல். சுயேச்சைகள் எல்லாரும் ஒரே வரியில், "மேலும் சிலர் வாக்குச் சேகரித்தனர்" என்பதற்குள் அடங்கிப்போனார்கள். அந்தச் "சிலர்" பட்டியலில் எங்கள் நகரத்துத் துப்புரவுப் பணியாளர் குடும்பத்தில் இருந்து நின்ற ஒருவரும் உண்டு. அவருடைய பெயர் செய்தியில் ஒரு முறைகூட வரவில்லை.

கேமரா கோணத்தையும் குறித்துக்கொண்டோம். ஒருவருடைய கூட்டத்தை மாடியிலிருந்து எடுக்கிறார்கள், தெரு நிறைந்து தெரிகிறது. இன்னொருவரை நெருக்கமாக எடுக்கிறார்கள், அவருக்குப் பின்னால் இருநூறு பேர் நின்றாலும் தெரியாது. இதை விநாடிக் கணக்கு சொல்லாது, கண்ணால் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

பெண் வேட்பாளர்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று சட்டம் 2016-இல் வந்தது. பெண்கள் நிற்கிறார்கள், வெல்கிறார்கள். ஆனால் மைக் யாரிடம் போகிறது? கணவரிடம். கணவர் இல்லாவிட்டால் கொழுந்தனிடமோ அப்பாவிடமோ. வேட்பாளர் பக்கத்தில் மாலையோடு நிற்கிறார். "வார்டுக்கு என்ன செய்வீர்கள் அம்மா?" என்று அவரிடம் கேட்டால் அவர் பதில் சொல்வார், கேட்பதுதான் இல்லை. ஃபுளோரைடு கலந்த தண்ணீரைக் குடித்துப் பற்கள் பழுப்பேறிப்போன பிள்ளைகளை வளர்த்தவர்கள் இந்த மாவட்டப் பெண்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீர் எந்தத் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதை அவர்களைவிட யார் தெளிவாகச் சொல்லிவிட முடியும்? ஆகவே கணக்கெடுக்கும் தாளில் ஒரு கட்டம் இதற்கென்றே இருக்க வேண்டும்: வேட்பாளர் பெண்ணாக இருந்தால், பேசியது அவரா, அவர் வீட்டு ஆணா?

நேர்மை என்றால் எல்லாருக்கும் ஒரே அளவு நிமிடம் என்று நான் சொல்லவில்லை. ஐந்து ஆண்டுகள் தலைவராக இருந்தவரிடம் அதிகக் கேள்வி கேட்பது நியாயம்தான். ஊராட்சிப் பணத்தைக் கையாடல் செய்ததாக ஒருவர்மீது வழக்கு இருந்தால் அதைச் சொல்ல வேண்டும்; பதிலுக்கு மற்றவர்மீதும் ஏதாவது தேடிப் போட வேண்டியதில்லை. ஆனால் நிற்பவர்கள் யார் யார் என்பதைக்கூடச் சொல்லாமல் விடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது. பிரிட்டனில் ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அமைப்பின் விதி இதில் தெளிவாக இருக்கிறது. தேர்தல் காலத்தில் ஒரு தொகுதியைப் பற்றிச் செய்தித் தொகுப்போ விவாதமோ போட்டால், அங்கே நிற்கும் எல்லா வேட்பாளர்களின் பட்டியலையும் தர வேண்டும். பிரான்சில் அரசியல்வாதிகள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசும் நேரத்தின் கணக்கை ஆர்காம் என்ற அமைப்பு வெளியிடுகிறது. நம் நாட்டிலும் 2014 மக்களவைத் தேர்தலில் டெல்லியைச் சேர்ந்த சென்டர் ஃபார் மீடியா ஸ்டடீஸ் செய்திச் சேனல்களின் முதன்மை நேரத்தை அளந்து, மூன்றில் ஒரு பங்கு நரேந்திர மோடிக்குப் போனதையும், ராகுல் காந்திக்கு இருபதில் ஒரு பங்குகூட வரவில்லை என்பதையும் வெளியிட்டது. டெல்லியில் செய்ய முடிந்ததை அரூரிலும் காவேரிப்பட்டணத்திலும் செய்ய முடியும்.

"இப்போது யார் டிவி பார்க்கிறார்கள், எல்லாம் செல்போன்தானே" என்ற பேச்சை நானும் கேட்கிறேன். ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் துண்டு வீடியோக்களைத் திறந்து பாருங்கள். பாதிக்கு மேல் உள்ளூர் சேனலின் சின்னம் போட்ட மைக்தான் இருக்கும். அந்த மைக் இருப்பதால்தான் அதை நம்புகிறார்கள்.

ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து தனி அலுவலர்கள் கைக்கு நிர்வாகம் போயிற்று. அடுத்த தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு கணக்கெடுக்க ஆள் சேர்க்க ஆரம்பித்தால் நேரம் போதாது. மாநிலத் தேர்தல் ஆணையத்திடம் நாம் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. தேர்தல் செய்தி போடும் ஒவ்வோர் உள்ளூர் சேனலும் தான் செய்தி சேகரிக்கும் ஊராட்சியின் எல்லா வேட்பாளர் பெயரையும் சின்னத்தையும் திரையில் காட்ட வேண்டும். பேக்கேஜில் வரும் செய்தியின் மீது "விளம்பரம்" என்று முழு நேரமும் எழுதியிருக்க வேண்டும். கேபிள் நிறுவனங்கள் தங்கள் சொந்தச் சேனல்களின் நிகழ்ச்சிகளை 90 நாட்கள் பதிவாக வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. புகார் வந்தால் அந்தப் பதிவை வரவழைத்துப் பார்க்கும் பொறுப்பை மாவட்டத்தில் ஓர் அலுவலருக்குக் கொடுத்தால் போதும்.

நம் பங்கு தாளும் கடிகாரமும்தான். ஒரே செய்தியை இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கு ஒத்துப்போகாவிட்டால் திரும்பப் பார்க்க வேண்டும். அதற்காக ஒவ்வோர் இரவும் செய்தியைச் செல்போனிலாவது பதிவு செய்துவைப்பது கட்டாயம். கிடைத்த கணக்கை முதலில் சேனலுக்கே கொடுத்து அவர்கள் பதிலைக் கேட்ட பிறகுதான் வெளியே பேச வேண்டும். கட்சி உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர்கள், வேட்பாளரின் சொந்தக்காரர்கள் தயவுசெய்து இதில் சேர வேண்டாம். தருமபுரி, பென்னாகரம், அரூர், கிருஷ்ணகிரி ஊர்களில் மாலை நேரம் ஒதுக்கக்கூடியவர்கள் வேண்டும். தளி, சூளகிரி, வேப்பனப்பள்ளி பக்கம் கன்னடமோ தெலுங்கோ நன்றாகத் தெரிந்தவர்கள் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் அங்கே மேடையில் ஒரு மொழியில் பேசியது செய்தியில் வேறு மொழியில் வரும்போது என்ன விட்டுப்போனது என்று அவர்களால்தான் சொல்ல முடியும். உங்கள் ஊர்ப் பெயரையும் எந்த உள்ளூர் சேனல் உங்கள் வீட்டுக்கு வருகிறது என்பதையும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். கணக்கெடுக்கும் தாளின் மாதிரியை அனுப்பிவைக்கிறேன்.