கொடுக்கு முளைக்கும், ஆனால் நண்டு பிழைக்க வேண்டுமே

“புளோரிடா கல் நண்டின் கொடுக்கைக் கறிக்காக ஒடித்துவிட்டு நண்டைக் கடலில் விட்டால் ஒரே மாதத்தில் புதுசு முளைத்துவிடும், ஒரு நண்டும் சாகாது” என்று எழுதியிருக்கிறீர்கள். முளைக்கும் என்பது சரி. மற்றது தவறு.

நண்டு ஓடு கழற்றும்போதுதான் புதுக் கொடுக்கு பெரிதாகும். வளர்ந்த நண்டு பெரும்பாலும் வருடத்துக்கு ஒருமுறைதான் கழற்றும். முதலில் வருவது சின்னக் கொடுக்கு. பழைய அளவை எட்ட இரண்டு மூன்று வருடமாவது ஆகும்.

அப்புறம் சாவு. நண்டு தானாகக் கொடுக்கை உதறினால் அடிமூட்டுக்குப் பக்கத்தில் ஒரே கோட்டில் நறுக்கென்று பிரியும். அங்கிருக்கும் மெல்லிய சவ்வு ரத்தத்தை அடைத்துவிடும். கையால் ஒடிக்கும்போது உடம்புச் சதையும் சேர்ந்து பிய்ந்தால் அந்த அடைப்பு இல்லை, ரத்தம் வடிந்தே செத்துப்போகும். 1970களில் நடந்த ஓர் ஆய்வில், ஒரு கொடுக்கு இழந்தவற்றில் 28 சதவீதமும் இரண்டும் இழந்தவற்றில் 47 சதவீதமும் செத்தன.

கொடுக்கின் அளவு சரியாக இருந்தால் இரண்டையுமே எடுக்க புளோரிடாவில் சட்டம் அனுமதிக்கிறது. கல் நண்டு சிப்பியை நொறுக்கித் தின்பதே கொடுக்கால்தான். ஒன்றையாவது விட்டுவைக்க வேண்டும் என்பதையும் உங்கள் பதிவில் சேருங்கள்.