பாட் கான்ராய்க்கு அஞ்சலி எழுதுகிறவர்களோடு ஒரு சண்டை

2016இல் மறைந்த அமெரிக்க நாவலாசிரியர் பாட் கான்ராய்க்கு அஞ்சலி என்று, அவர் நாவலை வைத்து எடுத்த ‘தி பிரின்ஸ் ஆஃப் டைட்ஸ்’ படத்தின் ஸ்டில்லைப் போட்டு, கீழே இரண்டு கைகூப்பு எமோஜி வைக்கிறவர்களோடு ஒரு சண்டை பாக்கியிருக்கிறது. அந்தப் படத்தில் கதைசொல்லியின் அண்ணன் லூக் பேருக்குத்தான் வருகிறான். லூக் இல்லாவிட்டால் அந்த நாவலே இல்லை.

1986இல் வந்த நாவல். கொலட்டன் என்கிற கடலோர ஊரை அணுசக்தி ஆலைக்காக அரசு எடுத்துக்கொள்கிறது, ஊர் காலியாகிறது. இறால் படகோட்டி மகன் லூக் மட்டும் போக மறுத்து உப்பங்கழிக்குள் ஒளிந்துகொண்டு தனியாளாகச் சண்டை போடுகிறான். 1991 படம் இதை ஓரங்கட்டிவிட்டு மனநல மருத்துவரோடு வரும் காதலைப் பிடித்துக்கொண்டது. படத்தை இயக்கி, அந்த மருத்துவராகவும் நடித்த பார்பரா ஸ்ட்ரைசாண்டை மட்டும் திட்ட முடியாது, திரைக்கதையில் கான்ராயின் பெயரும் இருக்கிறது. இரண்டேகால் மணி நேரத்துக்குள் எதையாவது வெட்டத்தான் வேண்டும், லூக் வெட்டுப்பட்டான். அதனால் படத்தைப் பார்த்துவிட்டு நாவலுக்கு அஞ்சலி எழுதினால் சரியாக வராது.

கணையப் புற்றுநோய் என்று 2016 பிப்ரவரி 15 அன்று தன் முகநூல் பக்கத்தில் அவரே அறிவித்தார். நான்காம் நாள் அலபாமாவில் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ எழுதிய ஹார்ப்பர் லீ போனார், வயது 89. மார்ச் 4 அன்று தென் கரோலினாவின் பியூஃபர்ட்டில், தன் வீட்டிலேயே கான்ராய். வயது 70. பதினான்கு நாள் இடைவெளியில் இரண்டு சாவு. உடனே ‘அமெரிக்கத் தென்மாநில எழுத்தாளர்கள்’ என்று இருவரையும் ஒரே கூடையில் போடத் தோன்றும். போடாதீர்கள். லீ ஒரு உள்நாட்டுச் சிற்றூரில் பிறந்து வளர்ந்தவர், கடைசியில் அங்கேயே முடிந்தவர். கான்ராய்க்குச் சொந்த ஊர் என்று ஒன்று கிடையாது. அப்பா கடற்படைக் காலாட்படையின் போர் விமானி, மாற்றலுக்கு மேல் மாற்றல். பியூஃபர்ட் பள்ளிப் பருவத்தின் கடைசியில்தான் கிடைத்தது. பிந்திக் கிடைத்த ஊர் என்பதால்தான் உப்பங்கழி, ஓதம், நண்டு என்று பக்கத்துக்குப் பக்கம் அப்படி அள்ளி வைக்கிறார். அடைமொழி கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொரு தவறு, நாவலை எஃப்ஐஆர் மாதிரி படிப்பது. தன் அப்பாவை வைத்து எழுதிய ‘தி கிரேட் சான்டினி’யில் (1976) அப்பா விமான விபத்தில் சாகிறார். நிஜ அப்பா டான் கான்ராய் 1998 வரை இருந்தார். மகனின் புத்தகக் கையெழுத்துக் கூட்டங்களில் பக்கத்தில் உட்கார்ந்து ‘கிரேட் சான்டினி’ என்று தானும் கையெழுத்துப் போட்டார்! நடந்தது என்ன என்று தெரிய வேண்டுமானால் 2013இல் வந்த தன்வரலாற்று நூல் ‘தி டெத் ஆஃப் சான்டினி’யைக் கையோடு படிக்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ‘பீச் மியூசிக்’கில் கைவைக்காதீர்கள். தலையணை கனம், நடுவில் வைத்துவிடுவீர்கள். ‘தி வாட்டர் இஸ் வைட்’ (1972) சரியான வாசல். தென் கரோலினாவின் பாலமே இல்லாத டஃபஸ்கி தீவில், கறுப்பினப் பிள்ளைகளுக்கு அவரே ஓராண்டு பாடம் எடுத்துவிட்டு வேலையிழந்த கதை. சுற்றிக் கிடக்கிற கடலின் பெயர் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அடுத்து சான்டினி, அதற்கடுத்து லூக்.

அஞ்சலி எப்படி இருக்க வேண்டும் என்பதை அவரே ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். சார்ல்ஸ்டனின் சிட்டடல் ராணுவக் கல்லூரியில் 1967இல் படித்து முடித்தவர். 1980இல் வந்த ‘தி லார்ட்ஸ் ஆஃப் டிசிப்ளின்’ நாவலால் கல்லூரியோடு பல ஆண்டுப் பகை. சமாதானமான பிறகு 2001 பட்டமளிப்பு விழாவில் பேசியபோது, அந்த ஆண்டு மாணவர்களைத் தன் இறுதிச் சடங்குக்கு அழைத்தார். வாசலில் ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: ‘நான் மோதிரம் அணிந்திருக்கிறேன்.’ சிட்டடலில் படித்தவர்கள் அணியும் கல்லூரி மோதிரம் அது. அந்த நாவலின் முதல் வரியும் அதுதான். 2016 மார்ச் 8, பியூஃபர்ட் புனித பேதுரு தேவாலயம். பதினைந்து வருஷம் கழித்து, அந்த மாணவர்களில் சிலர் மோதிரத்தோடு வந்து நின்றார்கள்.

நமக்கு மோதிரம் இல்லை. ஆனால் அவர் சமையல் புத்தகமும் எழுதியவர். அவரைப் புதைத்த செயின்ட் ஹெலினா தீவில்தான் ஃப்ராக்மோர் என்கிற இடம், ‘ஃப்ராக்மோர் ஸ்டூ’ என்கிற இறால் சமையலுக்கு அதன் பெயர்தான். ஐந்து பேருக்கு: ஐந்து லிட்டர் தண்ணீரில் தாராளமாக உப்பு, ஓல்ட் பே என்கிற அமெரிக்கக் கடலுணவு மசாலா. கொதித்ததும் சின்ன உருளை ஒரு கிலோ. பன்னிரண்டு நிமிஷம் கழித்து, துண்டு போட்ட புகையிட்ட சாசேஜ் அரைக் கிலோ, மூன்றாக உடைத்த சோளக்கதிர் நாலு. இன்னும் ஏழு நிமிஷம். கடைசியில் தோலோடு இறால் ஒரு கிலோ, மூன்றே நிமிஷம். சிவந்ததும் அடுப்பை அணைத்து உடனே தண்ணீரை வடித்துவிட வேண்டும். வெந்நீரிலேயே விட்டால் இறால் ரப்பர். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டாலோ, உருளை வேகும்போது இறால் கெட்டிருக்கும். பெயர்தான் ஸ்டூ, குழம்பெல்லாம் கிடையாது.

தட்டும் வேண்டாம். மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்துக் கொட்டி, கையால் உரித்துச் சாப்பிடுவதுதான் அங்கே வழக்கம். கையெல்லாம் மசாலாவாக இருக்கும், அன்றைக்கு ஃபோனைத் தொட முடியாது. ஸ்டில் போடாமல் விட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.